குனைமின் இரண்டாவது மவுத்து

மர்சூக் பாயைச் சுருட்டிப் பிக்கப்பில் வைக்கும்போது பயூமி பார்த்துவிட்டான். பயூமி ரொட்டி அடுப்புக்காரன். எங்கள் ஊர் பாவீத்தியில் அவன் கண்ணில் பட்டது அரை மணியில் ஊர் வாயில் இருக்கும்.

"எங்கப்பா, பாயும் கெட்டிலுமா?"

"ஃபராஃப்ராவுக்கு."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் மர்சூக் மூன்று நாளாகப் பதில் தேடிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல முடியாது. உண்மை என்னவென்றால், அவன் மனைவி நஜாத்துக்கு வெள்ளைக் கல் பார்க்க வேண்டும்.

ஃபராஃப்ரா போகிற வழியில், மணலுக்கு நடுவில் சுண்ணாம்பாய் நிற்கிற பாறைகள் அவை. எங்கிருந்தெல்லாமோ வெள்ளைக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு மணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்த நஜாத் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று, கூட்டிப் போகிறேன் என்று மர்சூக் சொன்னான். முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. லாரி ஓட்டிய காலத்தில் அவன் அந்தப் பாறைகளை ஆயிரம் தடவை கடந்திருப்பான். ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை.

வருகிற சனிக்கிழமை கெய்ரோவில் நஜாத்தின் கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அப்படிச் சொல்லிச் சிரிக்கிற டாக்டரை எவன் நம்புவான்?

"கத்தி சரியாப் போனா நல்லது. போகலைன்னா? அதுக்கு முந்தி ஒரு தரம் காட்டிடு. வேற ஒண்ணும் கேக்கல," என்றாள் நஜாத்.

காட்டலாம். ஆனால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கல் பார்க்கப் போகிற ஆம்பிளை எங்கள் ஊரில் தலைகாட்ட முடியாது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருபது வருஷத்துக்கு முன்னால் போனார். அன்றிலிருந்து அவர் பெயர் டூரிஸ்ட். அவர் மகனைக்கூட டூரிஸ்ட் மகன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுக்குப் பெண் கிடைக்கவே ஐந்து வருஷம் ஆயிற்று.

பயூமி இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"எதுக்குன்னு கேட்டேன்."

"மவுத்து," என்றான் மர்சூக்.

சொன்ன பிறகுதான், யாருடைய மவுத்து என்று யோசித்தான். உயிரோடு இருப்பவனை நாக்கால் கொல்வது பாவம், பலித்தும் தொலைக்கும். ஏற்கெனவே செத்தவனைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

"ஃபராஃப்ராவுல என் சின்னம்மா மகன், குனைம்."

குனைம் செத்து ஒன்பது வருஷம். அப்போது மர்சூக் லாரியோடு அஸ்யூத்தில் இருந்தான். பத்து நாள் கழித்துத்தான் சேதி வந்தது. ஊரில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஆகவே பாவீத்தியில் குனைமை எவனுக்கும் தெரியாது.

"இன்னா லில்லாஹி," என்றான் பயூமி. "நீ தனியாவா போற? அப்ப நாங்க எதுக்கு இருக்கோம்?"

"வேணாம் பயூமி, உனக்கு அடுப்பு இருக்கு..."

"அடுப்பு கிடக்குது. மனுஷன் செத்திருக்கான்!"

மர்சூக் உள்ளே போய்க் கெட்டிலைக் கழுவி முடிக்கவில்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குனைமின் பெயர் கேட்டது.

நஜாத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரைக் கொன்னே?"

"குனைமை."

"அவன்தான் செத்துட்டானே!"

"அதனாலதான்."

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் இமாம் ஷேக் மித்வல்லி வந்தார். மர்சூக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை. பெரிய மனுஷன், கேட்கமாட்டார் என்று மர்சூக் நினைத்துக்கொண்டான்.

"ஹஸ்ரத், நீங்க சிரமப்பட வேணாம். விடிகாலையிலேயே அடக்கிட்டாங்களாம். முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சா? துக்கம் விசாரிக்க மூணு நாள் இருக்கே! அஸர் தொழுதுட்டுக் கிளம்பினா வெயில் சாயற நேரத்துக்குச் சரியா அங்க இருப்போம்."

"வீடு சின்னது ஹஸ்ரத். ஒரே அறை. உக்கார இடமிருக்காது."

"அப்ப நாற்காலி ஏத்திக்குவோம்."

"சாப்பாட்டுக்கு அவங்க எங்க போவாங்க, பாவம், ஏழைங்க..."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த பயூமி ஓடினான். இருநூறு ரொட்டி போட்டான். ஒருவன் ஆடு பிடித்து வந்தான். ஒருவன் கரி மூட்டை. இன்னொருவன் பதினாலு தர்பூசணி ஏற்றினான். துக்க வீட்டுக்குத் தர்பூசணியா என்று மர்சூக் கேட்டான்.

"அழுதா தாகம் எடுக்கும்ல?" என்றான் அவன்.

இவர்களுக்கு முன்னால் ஓடிவிடுவது என்று மர்சூக் முடிவு செய்தான். அஸர் பாங்கு சொல்லும்போதே நஜாத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஊர் எல்லையில் ஏழு வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாரும் பொண்டாட்டியோடு. எல்லாப் பொம்பளைகளும் கறுப்பில்.

முதல் வண்டியில் குழிவெட்டி ஷஹாத்தா உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன். சுற்று ஊர்களில் எங்கே கூப்பிட்டாலும் போய் வெட்டிக் கொடுப்பார்.

"மண்வெட்டி எங்க ஷஹாத்தாண்ணே?"

"வேண்டியிருக்காது," என்றார் ஷஹாத்தா.

அடக்கம் முடிந்தது என்று தானே சொன்னது மர்சூக்குக்கு ஞாபகம் வந்தது. வண்டியைக் கிளப்பி எல்லாருக்கும் முன்னால் விட்டான்.

சாலையில் இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் முந்தவில்லை. கறுப்பு மலைகள் போயின. நஜாத் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"நான் கல்லு பாக்கக் கேட்டேன். நீ என்னை ஒப்பாரிக்குக் கூட்டிட்டுப் போற."

"கொஞ்சம் பொறு."

"முப்பத்தொரு வருஷம் பொறுத்தேன். சனிக்கிழமை வரைக்கும்தான் இனி என்னால பொறுக்க முடியும்."

பின்கண்ணாடியில் ஏழு வண்டி. நிறுத்தாமல் போனால் இவள் கண் போகும்போது கல்லும் போச்சு. நிறுத்தினால் மவுத்துக்குப் போகிறவன் கல் பார்க்க நின்றான் என்ற பெயர், டூரிஸ்டைவிடக் கேவலம். நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் ஃபராஃப்ரா வரத்தான் போகிறது. அங்கே குனைமின் பெண்டாட்டி வேறு ஒருவனைக் கட்டி மூன்று பிள்ளை பெற்றிருக்கிறாள். அந்த வீட்டு வாசலில் இந்த ஏழு வண்டியும் போய் இறங்கி அழப்போகிறது.

முதல் வெள்ளைப் பாறை தெரிந்தது. மர்சூக் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, டயரைப் பார்ப்பதுபோல் குனிந்து, காற்றைத் திறந்துவிட்டான். இரக்கமில்லாமல் கடைசிவரை திறந்துவிட்டான்.

"பஞ்சர்!" என்று கத்தினான். "நீங்க முன்னால போங்க! நாங்க பின்னால வர்றோம்!"

ஏழு வண்டியும் நின்றன. ஷேக் மித்வல்லி இறங்கி டயரைப் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார்.

"இங்க நிக்கணும்னு எழுதியிருக்கு," என்றார் கனமான குரலில். "அல்லாஹ் எழுதினதை யாரு மாத்த முடியும்? பாயை விரிங்க."

"நான் உடனே மாத்திடுவேன் ஹஸ்ரத், பத்தே நிமிஷம்..."

"துக்கத்துல இருக்கிறவன் டயர் மாத்தக் கூடாது," என்றான் பயூமி. ஸ்பேர் டயரை உருட்டிக்கொண்டு போய்த் தன் வண்டியில் போட்டுப் பூட்டினான்.

பாய்கள் விரிந்தன. கரி பற்றிக்கொண்டது. ஆம்பிளைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வாய் பேசாமல், துக்க முகத்தோடு பாறைகளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பொம்பளைகள் இரண்டு இரண்டு பேராகப் பாறைகளுக்குள் போனார்கள்.

நஜாத் தனியாகப் போனாள். வெயில் சாய்ந்து, வெள்ளையெல்லாம் முதலில் மஞ்சளாகி, பிறகு ஆட்டு ஈரல் நிறத்துக்கு வந்தது. அவள் ஒரு பாறையில் உள்ளங்கையை வைத்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். அடுத்த பாறைக்குப் போனாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாய், கண்ணில் ஏற்றி வைத்துக்கொள்கிறவள்போல் பார்த்தாள். ஒருமுறை திரும்பி மர்சூக்கைத் தேடினாள். அவன் கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள்.

அதைப் பார்த்த பிறகு மர்சூக்குக்குப் பொய் தாங்கவில்லை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் இத்தனை பேரை அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போக முடியாது. யாரிடம் முதலில் சொல்வது? நாலு வார்த்தைக்காரரிடம் சொன்னால் நாலு வார்த்தை திட்டோடு போகும். கடைசி நாற்காலியில் தர்பூசணித் துண்டோடு உட்கார்ந்திருந்த ஷஹாத்தாவின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"ஷஹாத்தாண்ணே, ஒண்ணு சொல்லணும். குனைம் விஷயத்துல நான்..."

ஷஹாத்தா பாறைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விதையைத் துப்பினார்.

"பேசாம உக்காரு மர்சூக். ஒம்பது வருஷத்துக்கு முந்தி குனைமைக் குழியில இறக்கினதே நான்தான். அடுத்த வருஷம் கல்லு பாக்க வர்றதுக்கு என் மச்சானை வெச்சுக்கலாம்னு ஹஸ்ரத் சொல்லியிருக்காரு, அவனும் செத்துப் பத்து வருஷமாச்சு."