ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள்

ஊருக்கு யோசனை சொல்லி எழுதுகிற பலருக்கும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. அவர்கள் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போய்விட்டது. நான் எழுதியதை ஒரு கல்யாண மண்டபமே படித்தது. படித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, எழுதியபடியே செய்தும் பார்த்தது.

போடிநாயக்கனூரில் எங்களுக்கு ஒரு ஏலக்காய்க் கடை. எங்களுக்கு என்றால் என் கணவர் பாண்டியனுக்கு. போடியில் ஏலக்காய் விற்பது ஆற்றங்கரையில் குடம் வைத்துத் தண்ணீர் விற்கிற மாதிரி. தடுக்கி விழுந்தால் ஒரு ஏலக்காய் வியாபாரி மேல்தான் விழ வேண்டும். எங்கள் கடைக்கு வாய்த்தவர்கள் மூணாறு போகிற சுற்றுலாக்காரர்கள். மலையேறும் முன் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் வாங்க வண்டியை நிறுத்துவார்கள். எலுமிச்சம்பழம் எங்களிடம் இல்லை என்று தெரிந்ததும், நிறுத்திய பாவத்துக்கு நூறு கிராம் ஏலக்காய் வாங்கிக்கொள்வார்கள்.

ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வந்து இவர் சொன்னார்: "வர்ற தைக்குள்ள கடை தூக்கி நிக்கலேன்னா கட்டடக்காரர்ட்ட சாவியக் கொடுத்துட்டு வேற கடைக்குச் சம்பளத்துக்குப் போறேன் ராஜி. எனக்கு வேற வழி தெரியல."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் காயைக் கையில் அள்ளி, குலுக்கி, முகர்ந்து பார்ப்பதில் இந்த மனுஷனுக்கு இருக்கிற சந்தோஷம் எனக்குத் தெரியும். இன்னொருவர் கடையில் இன்னொருவர் காயை இவர் குலுக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடையைக் காப்பாற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். (கடை என்னிடம் அப்படிக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அப்போதுதான் 'சிறு தொழிலுக்கு வலைப்பூ' என்று ஒரு பயிற்சியைப் போனிலேயே படித்து முடித்திருந்தேன். பாடம் நடத்திய சார் மூச்சுக்கு மூச்சு ஒன்றைச் சொல்லுவார்: "பொருளை விற்காதீர்கள், கதையைச் சொல்லுங்கள்." நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பதிவின் முதல் வரி இது: 'மேகங்கள் முத்தமிடும் போடிமெட்டுச் சரிவுகளில், பனித்துளி சுமந்த ஏலக்காய்கள் கிளைதோறும் ஊஞ்சலாடுகின்றன.'

பெருமையாக இவரிடம் படித்துக் காட்டினேன்.

"ஏலக்கா செடியோட தூருல, மண்ண ஒட்டிப் படுத்துக் கெடக்கும். அது எங்கிட்டுப் போயி ஊஞ்சலாடுது?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? மலைக்கு ஜீப்பில் போகும்போதெல்லாம் இரண்டாவது வளைவிலேயே என் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். மேகம் முத்தமிட்டதா, கன்னத்தில் அறைந்ததா என்று பார்க்கிற நிலையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

ஐந்தாறு மாதம் எழுதினேன். வந்த கருத்துகளில் பாதி, வெளிநாட்டு லாட்டரியில் எனக்குப் பெரிய பரிசு விழுந்திருப்பதாகச் சொன்னது. மீதி என் தம்பி போட்டது. 'சூப்பர் அக்கா' என்பான். ஒருமுறை பதிவை ஏற்றுவதற்கு முன்பே 'சூப்பர் அக்கா' வந்துவிட்டது.

பிறகு அந்தப் பதிவை எழுதினேன். கடைக்கு வந்த ஒரு அம்மா, "பக்கத்து ஊருல பளபளன்னு பச்சையா வச்சிருந்தாங்க, உங்க காய் வெளிறி இருக்கே" என்று குறைப்பட்டார். இவர் ஒன்றும் வாதாடவில்லை. கைக்குட்டையை நனைத்துக் காயைத் தேய்த்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. "சாயம் போட்டதுன்னா ஒட்டும்மா. இது மரத்தடி நெழல்ல வந்த பச்ச. இம்புட்டுத்தான் இருக்கும்" என்றார். அந்த அம்மா அரைக் கிலோ வாங்கிப் போனார். நான் உள்ளே ஓடி, 'சாய ஏலக்காயைப் பிடிப்பது எப்படி?' என்று எழுதி ஏற்றினேன். முடிவில் சூடாக ஒரு வரி: 'ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். பச்சை ஒட்டினால், விற்றவரைச் சும்மா விடாதீர்கள்!'

அது பிய்த்துக்கொண்டு ஓடியது. போனில் இருக்கிற குடும்பக் குழு ஒன்று பாக்கியில்லாமல் சுற்றி, கடைசியில் என் மாமியார் வீட்டுக் குழுவுக்கே 'அவசியம் படிக்கவும்' என்று வந்து சேர்ந்தது. கூடவே ஒரு போன் வந்தது. திண்டுக்கல் சரோஜா டீச்சர். பள்ளியில் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"பாப்பா, நீ எழுதுனதப் படிச்சேன். சோதன பண்ணிப் பாருன்னு சொல்ற வியாபாரிய இப்பத்தான் பாக்குறேன். எம் மக கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா உன் ஏலக்காதான்."

மண்டபத்துக்கு வருகிற எல்லாருக்கும் ஒவ்வொரு பை! கடை திறந்த நாள் முதல் அப்படி ஒரு ஆர்டர் எங்களுக்கு வந்ததில்லை. இது நன்றாக நடந்தால் தை மாதம் என்ன, எந்த மாதமும் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. இவர் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாளே நல்ல காய் பார்த்து வாங்க மலைக்கு ஜீப் ஏறினார்.

பைகளை ராசிங்காபுரத்தில் ஒரு தையல்கார அக்காவிடம் கொடுத்து வெள்ளைத் துணியில் சுருக்குப் பையாகத் தைத்து வாங்கினேன். லட்சணமாக இருந்தன. அங்கேயே கும்பிடு போட்டு நிறுத்தியிருக்க வேண்டும்.

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் காயை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டித்தான் காட்டுவார். பச்சைத் தாளிலோ துணியிலோ வைத்தால் சுமாரான காயும் பச்சென்று தெரியுமாம். அது வாங்குகிறவர் கண்ணைக் கட்டுகிற வேலையாம். இதில் பச்சைத் துணி பற்றிய பாதியை மட்டும் தொழில் நுணுக்கமாக மனதில் குறித்துக்கொண்டேன். பச்சைப் பை! அதுவும் என் கையாலேயே!

பிரியாணி அண்டாவில் வெந்நீர் கொதிக்க, போனில் 'வீட்டிலேயே துணிக்குச் சாயம்' வீடியோ ஓடியது. பொடியைக் கரை, துணியை முக்கு, கிளறு. சரியாக அந்த இடத்தில் ஒரு விளம்பரம் குறுக்கே வந்தது. எரிச்சலில் வீடியோவை மூடிவிட்டேன். (விளம்பரத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டவள் ஒரு விளம்பரத்தைப் பொறுக்க மாட்டாமல் கெட்ட கதை இது.) அதற்குப் பிறகு அந்த வீடியோவில் வந்த பகுதிதான் முக்கியமான பகுதி என்று பின்னால் தெரிந்தது.

மலையிலிருந்து இறங்கி வந்தவர் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த பச்சைப் பைகளைப் பார்த்தார். முழங்கைவரை பச்சையாக இருந்த என்னையும் பார்த்தார்.

"வெள்ளப் பைக்கு என்ன கேடு வந்துச்சு?"

"இது பிராண்டிங்குங்க."

"என்னமோ செய்யி. நாளைக்கு லோடு போகணும், வெரசாக் கட்டு."

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு வைத்தேன். ஒரு பக்கம் வலைப்பூ முகவரி. மறுபக்கம் கொட்டை எழுத்தில்: 'நம்ப வேண்டாம்! ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள்!'

திண்டுக்கல்லில் நடந்த கல்யாணத்துக்கு டீச்சர் எங்களையும் அழைத்திருந்தார். பட்டுப் புடவையில் போனேன். யாராவது 'வலைப்பூ எழுதுறது நீங்கதானா?' என்று கேட்டால் எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்று பஸ்சிலேயே பழகிப் பார்த்தேன்.

முகூர்த்தம் முடிந்து சாப்பாடும் முடிந்தது. வழக்கப்படி பையை வாங்கியவர்கள் அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் மண்டபத்தில் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. "தேங்காய் இல்லாத தாம்பூலமா?" இது டீச்சர் காதில் விழுந்தது. விடுவாரா? நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம்! பையத் திறங்க. சீட்டுல என்ன எழுதியிருக்கு? கைக்குட்டய நனைங்க. காய எடுத்துத் தேயிங்க. சுத்தமான காய்னா துணி வெள்ளையாவே இருக்கும்!"

முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல். மண்டபமே கீழ்ப்படிந்தது. பாதிப் பேர் அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருந்ததால் நனைக்கிற வேலைகூட இல்லை. தேய்த்தார்கள்.

கைக்குட்டை பச்சை. விரல் பச்சை. பட்டுப் புடவை முந்தானை பச்சை. மூக்கைச் சொறிந்த ஒருவருக்கு மூக்கு பச்சை. கரூரிலிருந்து வந்திருந்த சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, ஆஜானுபாகுவான மனிதர். கையைப் பார்த்துத் திடுக்கிட்டு, பழக்க தோஷத்தில் வேட்டியில் துடைத்துக்கொண்டார். பட்டு வேட்டியில் தொடை மேல் ஐந்து விரலும் அச்சாக விழுந்தது.

"சீட்டுல இருக்கிறபடி விற்றவரைச் சும்மா விடக்கூடாதுல்ல?" என்று யாரோ என் வலைப்பூவை மனப்பாடமாக ஒப்பித்தார். சீட்டில் அது இல்லை, வலைப்பூவில்தான் இருக்கிறது என்று திருத்த நினைத்தேன். மேடையில் டீச்சர் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கடையின் ஷட்டர் இறங்குகிற சத்தம் காதில் கேட்டது.

இவர் எழுந்தார். சம்பந்தி கையிலிருந்த பையை வாங்கினார். காயைக் கொட்டிக் குழாயில் கழுவி, தன் தோள் துண்டில் வைத்துத் தேய்த்தார். துண்டு வெள்ளையாக இருந்தது. பிறகு காலிப் பையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினார். தண்ணீர் பச்சைச் சர்பத் ஆயிற்று.

"காயில குத்தம் இல்லைங்க. பை சாயம் விட்டுருச்சு. எங்க வீட்டுல முக்குனதுதான், வேற யாரும் பொறுப்பில்ல. இந்தக் காய யாரும் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். அம்புட்டையும் மாத்தி அனுப்புறேன்."

'எங்க வீட்டுல' என்றார். 'இவ' என்று கை காட்டவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனை எனக்கு அந்த நிமிஷம் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை. அந்தத் தைரியத்தில் நானும் எழுந்து, "நான்தாங்க முக்கினேன்" என்றேன்.

சம்பந்தி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையைக் கசக்கினார். கரூரில் அவருக்குப் போர்வை, படுக்கை விரிப்புத் தொழில் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"சாயம் புடிக்க உப்புப் போட்டீங்ளா அம்மிணி?"

"இல்லீங்க."

"அலசுனீங்ளா?"

"இல்லீங்க."

"வீடியோ பாத்தா பண்ணுனீங்க?"

"பாதி பார்த்தேங்க."

அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "நான் தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு புது மாப்பிள்ளைக்குப் போர்வை வித்தனுங். விடியக்காலம் மனுசன் நீலமா எந்திரிச்சு வந்தாரு. பொண்ணு வூட்டுல பயந்து வைத்தியரக் கூட்டிட்டு வந்துட்டாங்க!"

மண்டபமே வெடித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மைக்கில், "சோதனை வெற்றி. முடிவுதான் வேற" என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

பஸ்சில் திரும்பி வரும்போது இவர் தேனிவரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். தேனி தாண்டியதும் குலுங்கினார். அழுகிறாரோ என்று பதறிப் பார்த்தால், அந்தப் பச்சை மூக்குக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வலைப்பூவில், 'எங்கள் பை சாயம் விட்டது' என்று தலைப்புப் போட்டு, மேகமும் பனித்துளியும் இல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் பச்சைக் கையைப் படம் எடுத்துப் போட்டேன். வெள்ளைப் பையில் புதுக் காய் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷ லாபம் அதிலேயே போயிற்று. ஆனால் காய் போன வீடுகளிலிருந்து திரும்ப ஆர்டர் வந்தது. அவர்கள் சொல்லி வேறு வீடுகளிலிருந்தும் வந்தது. கதையைச் சொல்லச் சொன்ன சார், அது நம் மானம் போன கதையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். தை வந்தது, போனது. சாவி இவர் இடுப்பிலேயே இருக்கிறது.

கரூர் சம்பந்தி மட்டும் அந்த வேட்டியை வெளுக்கவே விடவில்லை. வேட்டிக்கு மட்டும் உப்புப் போடாமலே சாயம் நன்றாகப் பிடித்துவிட்டதாம். வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு வருகிறார். போன மாதம் அந்தக் கல்யாணத் தம்பதிக்குப் பிறந்த பேத்திக்குக் காது குத்தினார்கள். நாங்களும் போயிருந்தோம். வந்தவர்களிடமெல்லாம் தொடையைத் தட்டிக் காட்டி, "பொண்ணு வூட்டுச் சீருங்க இது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கி என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டினேன். பக்கத்திலிருந்து சரோஜா டீச்சரின் குரல் வந்தது:

"பாப்பா, மொதல்ல கையக் காட்டு!"