புலி திருத்திய இங்கிலீஷ்

ஒரு காட்டில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வந்து சேரும் வரை, மான்கள் பழைய முறைப்படிதான் செத்துக்கொண்டிருந்தன. புலி வந்தால் மர உச்சியிலிருந்து மந்தி ஒன்று கத்தும்; காது உள்ளவை ஓடித் தப்பிக்கும். அந்த மந்திதான் இப்போது மரகதம் மிஸ். இனி எச்சரிக்கை இங்கிலீஷில்தான், தேர்வில் தேறியவர்கள் மட்டுமே தன் மரத்தடியில் மேயலாம் என்று சொல்லிவிட்டது.

வடிவு என்ற புள்ளிமானுக்கு மற்றதெல்லாம் எப்படியோ வந்துவிட்டது. சீ, லுக், வாட்ச் மூன்றும் மட்டும் வரவில்லை. தானாகக் கண்ணில் படுவது சீ, வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவது லுக், நகர்வதை விடாமல் கவனிப்பது வாட்ச் என்று மிஸ் தலைகீழாகத் தொங்கிக்கூடச் சொல்லிப் பார்த்தது.

"எல்லாமே பார்க்கிறதுதானே மிஸ்?" என்றது வடிவு.

ஃபெயில். ஓடைப் பக்கம் போய் மேயச் சொல்லிவிட்டார்கள்.

ஓடைப் பக்கம் புலி இருந்தது. மலைமேல் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த புலி. அது பாய்வதற்குப் பின்னங்காலை மடக்கியபோது, வடிவின் வாயில் வந்தது இவ்வளவுதான்: "சார், ஐ ஆம் வாட்சிங் யூ நவ் ஒன்லி."

புலி முகத்தைச் சுளித்தது. மடக்கிய காலை நீட்டி உட்கார்ந்தது. "ஏம்மா, என்னை இப்பத்தானே பார்த்தே? அதுக்கு சீ. ஐ சீ யூ. எங்கே, சொல்லு."

"ஐ லுக் யூ, சார்."

புலியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சாப்பாடு எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் இதைச் சரிசெய்தாக வேண்டும். லுக் என்றால் கழுத்தைத் திருப்பி, இதோ இப்படி என்று எதிர்மலையைப் பார்த்துக் காட்டியது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால், மான் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அது புதருக்குள் மறையும் வரை கண்ணெடுக்காமல் பார்த்த புலி, "இது வாட்ச்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

வடிவு சொன்னதைக் கேட்டு மரத்தடி மான்கள் எல்லாம் வாய்க்குள் சிரித்தன. நூற்றுக்கு நூறு வாங்கிய கலைமான் கோதண்டம் வாய்விட்டே சிரித்தது. உன் இங்கிலீஷுக்கே இவ்வளவு மரியாதை என்றால் என் இங்கிலீஷுக்கு நாற்காலி போடுவார்கள் என்று சொல்லிவிட்டு ஓடைக்குப் போனது. புலிக்கு வணக்கம் வைத்து, மூன்று சொல்லையும் ஒரே வாக்கியத்தில் ஒரு பிழையில்லாமல் வைத்துப் பேசியது.

புலி காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டது. திருத்த ஒன்றுமே இல்லை.

"வெரி குட்" என்றது. பிறகு சாப்பிட்டது.

நீதி: தப்பாகப் பேசினால் திருத்துவார்கள், சரியாகப் பேசினால் சாப்பிட்டுவிடுவார்கள்.