ஏழாம் கட்டத்தில் மோரிஸ் ஆட்டம்

"ஏழாவது கட்டம் காலியா இருக்கே, டக்வெல்?" என்று ஊர்க் கூட்டத்தில் அனுமதிப் படிவத்தைப் பார்த்துக் கேட்டார் இங்கிலாந்தின் நெதர்கோம் ஊராட்சித் தலைவி டாஃப்னி.

அந்தக் கட்டத்தின் மேல் 'ஆட்டத்தின் தோற்றமும் நோக்கமும்' என்று அச்சடித்திருந்தது. டக்வெல்லுக்கு வியர்த்தது. முப்பது வருஷமாக முழங்காலுக்குக் கீழே மணி கட்டி, கைக்கொரு கைக்குட்டையை உதறி உதறி மோரிஸ் ஆட்டம் ஆடுகிறார். குழுவுக்கே தலைவர் வேறு. ஏன் ஆடுகிறோம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்கிறவர் அந்த வேஷத்தில் தெருவுக்கு வருவாரா?

கட்டம் நிரம்பாவிட்டால் மே முதல் தேதி மதுக்கடை வாசலில் ஆட அனுமதி கிடையாது. அந்த ஒரு காலைக்காகத்தான் மனிதர் குளிர்காலம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயிர் செழிக்க ஆடுறதுங்க," என்று எடுத்துவிட்டார்.

விவசாயி ஹார்டிமன் நிமிர்ந்தார். "போன வருஷம் என் வயலோரமா ஆடினீங்க. பார்லி மொத்தமும் அழுகிப் போச்சு. அப்போ அது உங்க வேலைதானாய்யா?"

"ஐயையோ, பயிர் இல்லீங்க! பிள்ளைப்பேறு! பொம்பளைங்களுக்கு..."

டாஃப்னி நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பாதிரியார் நிதானமாகக் கணக்குச் சொன்னார். "பத்து வருஷத்துல நான் ஞானஸ்நானம் குடுத்தது நாலு குழந்தைக்கு. அதுல மூணு, மழையால உங்க ஆட்டம் நின்னுபோன வருஷம்."

"இல்லீங்க, இது ஆப்பிரிக்காவுல இருந்து மூர் இனத்துக்காரங்க கொண்டாந்ததுன்னு சொல்வாங்க..."

"வெளிநாட்டு ஆட்டமா? முதல்லயே சொல்றதுக்கென்ன? அதுக்கு வேற படிவம்." டாஃப்னி இழுப்பறையைத் திறந்தார். அந்தப் படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் இருந்தன.

டக்வெல்லுக்கு அழுகையே வந்துவிட்டது. "விரட்டத்தாங்க! கெட்ட ஆவியை விரட்ட! அதான் மணி, அதான் தடியோட தடியை அடிக்கிறது. நாங்க ஆடுற இடத்துல எதுவும் நிக்காது!"

ஒருவரும் நம்பவில்லை. நிராகரிப்பு முத்திரையை டாஃப்னி மையில் ஒற்றினார்.

அப்போது கடைசி வரிசையில் மதுக்கடைக்காரி ஃபிலிப்பா எழுந்தாள். "அனுமதி குடுங்கம்மா. அந்த மனுஷன் சொல்றது சத்தியம்."

டக்வெல்லின் கண் கலங்கியது. கலையை மதிக்க இந்த ஊரில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே!

"இவங்க ஆட ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம், தெருவுல நிக்கிற சனம் மொத்தமும் என் கடைக்குள்ள ஓடிவந்து கதவைச் சாத்திக்குது."