ஐந்தாம் மேசையும் நான்கு துப்பாக்கிகளும்

க்ளாரன்ஸ் ஹூடாக்கின் தாளில் இரண்டே ஓட்டைகள் இருந்தன. அவர் சுட்டதோ பத்துத் தோட்டா.

பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில், நிலக்கரி தோண்டி ஓய்ந்துபோன மலையடியில் இருந்தது அந்தக் கைத்துப்பாக்கிச் சங்கம். சனிக்கிழமை தவறாமல் ஆளுக்கொரு மேசையில் நின்று, ஐம்பது கஜத்துக்கு அப்பால் மேசைக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் மரப்பலகைகளை நோக்கிச் சுடுவார்கள். பலகையில் தாள் குத்துவதும், சுட்டு முடிந்ததும் கழற்றி வருவதும் லானி ஒருவரின் வேலை. மற்ற யாரும் மேசையைத் தாண்டி ஓரடி வைக்கக் கூடாது. தச்சு, பெயின்ட், புல்வெட்டு எல்லாமே லானிதான். பேச்சு மட்டும் அவர் வேலையில் சேராது.

லானி தாளை ஐந்தாம் மேசையில் வைத்து, "ஒம்பது" என்றார். நூற்றுக்கு.

இருபத்திரண்டு வருஷமாக அது ஹூடாக்கின் மேசை. காபிக் கோப்பை வைத்து வைத்து மரத்தில் வட்டம் விழுந்திருந்தது. சுடுவதற்கு முன் கையைத் தளரவிட்டு, இடக்கோடியிலிருந்து பலகைகளை ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணி, ஐந்தில் நிறுத்தி மூச்சை விடுவார். ஜபம் மாதிரி. அதற்கப்புறம் உலகத்தில் அந்தப் பலகையும் அவரும் மட்டும்தான். நடுநடுவே தொலைநோக்கியில் தாளை எட்டிப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பரீட்சை எழுதும்போதே மார்க் கேட்கிற ஆசாமிகள் என்பார்.

இடப்பக்கம் நான்காம் மேசையில் டார்லீன் யோஸ்ட். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள். துப்பாக்கி பிடித்து மூன்று வாரம். அவள் தாளில் பத்து ஓட்டை. எண்பத்தெட்டு.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்று தான் சுட்டு வந்த வால்நட் ரொட்டிச் சுருளை நீட்டினாள். "எப்படி விழுதுன்னு எனக்கே தெரியலே. டிரிக்கரை இழுக்கறப்ப பயத்துல கண்ணை மூடிக்கறேன்."

ஹூடாக் ரொட்டியோடு சேர்த்து அந்தச் செய்தியையும் மென்றார். கண்ணை மூடிக்கொண்டவளுக்கு எண்பத்தெட்டு. கண்ணைத் திறந்துகொண்டு இருபத்திரண்டு வருஷம் சுட்டவருக்கு ஒன்பது. ஆக, கோளாறு ஆளிடம் இல்லை. துப்பாக்கியில்தான்.

அணித்தலைவர் வால்ட் அப்படி நினைக்கவில்லை. ஜூன் முதல் ஞாயிறு மாவட்டப் போட்டி. சங்கத்திலிருந்து ஐந்து பேர்தான் போக முடியும்.

"நீ இதே மாதிரி சுட்டேன்னா, அங்க வந்து காபிப் பானைக்குக் காவல் நிக்கலாம்," என்றார்.

ஹூடாக்கின் கை தொப்பிக்குப் போனது. அதில் அணியின் பித்தளை வில்லை இருந்தது. எத்தனையோ தொப்பிகள் நைந்து போயிருக்கின்றன. வில்லை மட்டும் புதுத் தொப்பிக்கு மாறிக்கொண்டே வந்தது. அதைக் கழற்றுவதில்லை என்று அந்த நிமிஷம் தீர்மானித்தார்.

திங்கட்கிழமை துப்பாக்கிக் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கடைக்காரர் முதலில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்துக் காட்டினார். "இடுப்புல சொருகினா வெளியே தெரியவே தெரியாது."

"எனக்கு வெளியே தெரியணும். தாள்ல தெரியணும். முழு அளவு எடுங்க."

முழு அளவு ஏன் என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். கனம் இருந்தால் உதைப்பு குறையும். நீளம் இருந்தால் குறி நடுங்காது. ஐந்து விரலுக்கும் பிடியில் இடம் வேண்டும். சுண்டுவிரலைக் காற்றில் விட்டுவிட்டுச் சுடுவது, ஒரு காலில் செருப்பில்லாமல் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. கடைசியில் குழல் நீண்ட ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

சனிக்கிழமை லானி தாளை வைத்தார். ஓர் ஓட்டை. நான்கு.

டார்லீனுக்குத் தொண்ணூற்றொன்று. அவள் வருத்தம் தெரிவிக்கும் முகத்தோடு இரண்டு துண்டு ரொட்டி கொடுத்தாள்.

மறுபடி கடை. இந்த முறை நான்கு மணி நேரம். பத்துப் பதினைந்து துப்பாக்கிகளைக் கையில் எடுத்து, கண்ணை மூடி நீட்டி, திறந்து பார்த்தார். எது தானாகவே நேராக நிற்கிறதோ அதுதான் தன்னுடையது என்று. முழுக்க எஃகில் செய்த ஒன்று அப்படி நின்றது. குறியைத் திருகித் திருத்தலாம். டிரிக்கர், பெருமூச்சு விட்டால் போதும், இழுபட்டது. சாப்பிட வீட்டுக்குப் போன கடைக்காரர் திரும்பி வந்தபோதும் ஹூடாக் அதே இடத்தில் சிலையாக நின்றுகொண்டிருந்தார்.

வாரம் முழுக்கத் தோட்டா இல்லாமல் சமையலறைக் கடிகாரத்தைக் குறிபார்த்துப் பழகினார். வியாழக்கிழமை கடிகாரம் நின்றுபோனது.

"பயந்துடுச்சு பாவம்," என்றாள் மனைவி பெர்னிஸ். "அதையாவது ஜெயிச்சீங்களே. இனிமே டோஸ்டர் பக்கம் திரும்பாதீங்க, அது எனக்கு வேணும்."

சனிக்கிழமை லானி கொண்டு வந்தது வெள்ளைத் தாள். ஓர் ஓட்டைகூடக் கிடையாது. லானி அதைப் பின்பக்கமும் திருப்பிக் காட்டினார். டார்லீனுக்குத் தொண்ணூற்று நான்கு.

ஹூடாக் காற்றைக் குறை சொன்னார். கண் டாக்டரிடம் போனார். உங்கள் கண்ணைப் பருந்துக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர் அனுப்பிவிட்டார். பலகைகளின் தலையிலிருந்த எண்ணட்டைகளை லானி பெயின்ட் அடிக்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தது, வெட்டாத புல், வால்ட்டின் இருமல், எதையும் அவர் விடவில்லை. விட்டது ஒன்றைத்தான்: அணியிலிருந்து விலகும் யோசனை.

அணிக்கு ஆள் எடுக்கும் கடைசித் தேர்வு நாள் வந்தது. ஹூடாக் காலையிலேயே நான்காம் மேசைக்குப் போனார்.

"டார்லீன், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உன் துப்பாக்கியைக் குடு. என்னோட எஃகுத் துப்பாக்கியை நீ வெச்சுக்கோ."

"ஐயோ, இது எங்க அண்ணன் மீன்பிடிச் சாமானோட போட்டு வெச்சிருந்ததுங்க. பிடியெல்லாம் ஆடுது."

"ஆடட்டும். தொண்ணூத்தி நாலு போடுதில்லே?"

அதிலிருந்து இன்னும் மீன் வாசனை வந்தது. ஹூடாக் பொருட்படுத்தவில்லை. கையைத் தளரவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூச்சை விட்டார். பத்துத் தோட்டாவும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயின. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகச் சுட்டதில்லை என்று கை சொன்னது. பக்கத்தில் டார்லீன் கண்ணை இறுக மூடி, ஒவ்வொரு வெடிக்கும் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தாள்.

லானி வந்தார். ஐந்தாம் மேசைத் தாளில், மூலையில், எலி கடித்த மாதிரி ஓர் ஓட்டை. மூன்று.

நான்காம் மேசை, தொண்ணூற்றேழு. அந்தச் சங்கத்தில் யாரும் அதுவரை போடாத எண்.

வால்ட் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஹூடாக், நான் என்னப்பா பண்றது?" என்றார்.

ஹூடாக் தொப்பியைக் கழற்றினார். வில்லையின் ஊசி துருவேறி மாட்டிக்கொண்டது. நகத்தால் நெம்பி எடுத்து, சட்டையில் துடைத்து, டார்லீனின் கையில் வைத்தார்.

"மழை பெய்யற அன்னிக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சு வை," என்றார். "இல்லேன்னா பச்சை பிடிக்கும்."

"எனக்கு வேண்டாங்க," என்றாள் டார்லீன். அவள் கண் கலங்கிவிட்டது. "நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடறேன், சத்தியமா."

"தெரியும்மா. அதான் உன் கிட்ட இருக்கற வரம்," என்று சொல்லிவிட்டு ஹூடாக், காபிப் பானையில் எத்தனை கோப்பை பிடிக்கும் என்று வால்ட்டிடம் விசாரித்தார்.

கக்கத்தில் புதுப் பெயின்ட் அடித்த எண்ணட்டைகளோடு பலகைப் பக்கம் கிளம்பிய லானி, வாயிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மாதத்திலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்:

"ஏப்ரல்ல இடக்கோடியில புதுசா ஒரு பலகை நட்டேன், நோட்டீஸும் ஒட்டினேன், ஒருத்தரும் படிக்கலே, அங்கேர்ந்து எண்ணிச் சுடற பழக்கம் யாருக்காவது இருந்தா, இப்ப அஞ்சாவதா வர்றது டார்லீனோட பலகைன்னு சொல்லிடுங்க."