ரொட்டி தின்ற புரூனோவும் வைலே மலையும்

டென்மார்க்கில ஏது மலை எண்டு கேக்கிறீங்களோ? பனி உருகின கிழமையில வைலேக்கு வந்து, கையில ஒரு நாயோட ஏறிப் பாருங்கோ. பிறகு கேக்க மாட்டீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான். பக்கத்து வீட்டு கிர்ஸ்டனிட நாய் புரூனோவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வாறது.

எங்கட மகள் மிதுனாவுக்கு ஏழு வயது. கனநாளாய் நாய் கேக்கிறாள். இவர், அவளின்ர அப்பா, கடைசியில ஒரு சோதனை வைச்சார்.

"இரவல் நாயை ஒருக்கா மலை ஏத்தி இறக்குங்கோ. ஒழுங்கா வந்தால் நாய் வாங்குவம். நான் கீழ காரில இருக்கிறன்."

"ஊரில ஆடு மேய்ச்சனான். நாய் எனக்கு ஒரு கதையோ?" எண்டன்.

மரத்தில இன்னும் இலையில்லை. பாதை முழுக்கச் சேறு. முதல் வளைவிலேயே மிதுனா கையைத் தூக்கினாள்.

"அம்மா, தூக்குங்கோ."

"ஏழு வயசுப் பிள்ளையை ஆர் தூக்குவினம்? நட."

புரூனோவும் நிண்டிட்டான். அவனை அதட்ட மனம் வரேல்லை, விருந்தாளி அல்லோ. பையில இருந்த தேங்காய் ரொட்டியில ஒரு துண்டு பிச்சுக் குடுத்தன். ஓடினான். அடுத்த வளைவில நிண்டான். இன்னொரு துண்டு. மூளைக்காரி எண்டு என்னை நானே மெச்சிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன்.

உச்சியில ரொட்டி முடிஞ்சுது. புரூனோவும் முடிஞ்சான்.

சேத்துக்குள்ள சரிஞ்சு படுத்தவன்தான். என்ர ரொட்டி மனுசருக்கே பின்னேரம் வரைக்கும் வயித்தில கிடக்கும். இழுத்தன். டெனிஷில கெஞ்சினன், தமிழில ஏசினன். ஒரு கண்ணைத் திறந்து மூடினான்.

வேற வழி? நாலு காலையும் முன்னால பிடிச்சு, ஆட்டைப் போல கழுத்தில போட்டன். ஆட்டுக்குட்டிப் பாரம் எண்டு நினைச்சுத் தூக்கினது முழுக் கிடாய்ப் பாரம்.

எதிரில ஊண்டுதடியோட ஒரு வயசான டெனிஷ் சோடி வந்திச்சினம். மனுசி பதறிப்போனா.

"ஐயோ, காலில அடியோ?"

"இல்லை. சாப்பிட்டிட்டான்."

அவ நம்பேல்லை. புருசன்காரன் தன்ர கழுத்துச் சால்வையைக் கழட்டிப் புரூனோவைப் போத்தினார். மனுசி என்ர பையை வாங்கிக்கொண்டு முன்னால நடந்து, வாற ஆக்களையெல்லாம் விலத்தச் சொன்னா. மிதுனா பின்னால, என்ர கழுத்தில கிடந்தவனையே பாத்துக்கொண்டு வந்தாள். என்ர காதுக்குள்ள புரூனோவின்ர குறட்டை.

கீழ வந்தால், இவர் காரை விட்டு இறங்கி நிண்டு என்னைப் பாக்கிறார், சால்வையைப் பாக்கிறார்.

"ரொட்டி எங்க?"

"கழுத்தில."

அந்த நேரம் பாத்துப் புரூனோ குதிச்சிறங்கி உடம்பை ஒரு உதறு உதறினான். சேறு முழுக்க இவர் போட்டிருந்த வெள்ளைச் சேட்டில. பிறகு காரைச் சுத்தி ஓட்டம். டெனிஷ் மனுசர் சால்வையை எடுத்துக்கொண்டு போயிட்டார்.

இவர் சேட்டைத் துடைச்சபடி மிதுனாவைப் பாத்தார்.

"இப்பவும் நாய் வேணுமோ?"

அவள் ஓடுற புரூனோவைப் பாத்தாள், பிறகு என்ர கழுத்தைப் பாத்தாள்.

"வேண்டாம் அப்பா. என்னையும் அப்பிடித் தூக்கச் சொல்லி அம்மாட்டச் சொல்லுங்கோ."