பின்னணியைக் கலங்கடிப்பவர்

புகைப்படம் எடுப்பவர்களில் எத்தனையோ வகை உண்டு. தலையை வெட்டி எடுப்பவர், தன் கட்டைவிரலையும் சேர்த்து எடுப்பவர், நாம் கண் சிமிட்டும்வரை பொறுமையாகக் காத்திருந்து அமுக்குபவர். இவர்களை மன்னித்துவிடலாம். நான் சொல்ல வருவது முகத்தை மட்டும் தெளிவாக வைத்து, பின்னணியை மங்கலாக்கிக் கலங்கடிப்பவரைப் பற்றி. உங்கள் அலுவலகத்திலோ சொந்தத்திலோ கட்டாயம் ஒருவர் இருப்பார். கழுத்தில் கறுப்புப் பட்டை, அதில் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா, நீங்கள் அதைத் தொடப் போனால் முகத்தில் ஒரு பதற்றம்.

அவரிடம் உங்கள் பிள்ளையின் படத்தைக் காட்டிப் பாருங்கள். பிள்ளையைப் பார்ப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, பிள்ளையின் காதைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, எங்கோ எரிகிற தெருவிளக்கில் போய் நின்று உச்சுக்கொட்டுவார்.

"வெளிச்சம் வட்டமா விழல. ஆறு மூலை தெரியுது பாருங்க. லென்ஸுக்குள்ள வெளிச்சத்தை விடுற தகடு கம்மி."

"அது கிடக்கட்டும், பையன் எப்படி இருக்கான்?"

"எந்தப் பையன்?"

லென்ஸைப் பற்றி வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். கண்ணாடியைக் கடைந்த விதம் சரியில்லை என்றால் வெளிச்சப் பொட்டுக்குள் வெங்காயம் நறுக்கியது மாதிரி வளையம் வளையமாக விழுமாம், பொட்டின் ஓரத்தில் கோடு தெரிந்தால் அந்த லென்ஸைக் கையாலேயே தொடக்கூடாதாம், பின்னால் இருப்பது மரமா மாடா மனிதனா என்று தெரியாதபடி வெண்ணெயாய் உருகிக் கிடந்தால்தான் அது படமாம். நீங்கள் தலையாட்டுவீர்கள். காபி ஆறிப்போகும்.

என் நண்பர் ஒருவர் இந்த ஜாதி. வங்கியில் வேலை. மாமனார் அவர்களோடுதான் இருந்தார். சாதுவான மனிதர். நண்பர் கேமராவைத் தூக்கினால் போதும், மாமனாருக்கு நடைப்பயிற்சி ஆரம்பித்துவிடும்.

"மாமா, கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"இங்க போதுமா மாப்பிள்ளை?"

"தூரம் போனாதான் மாமா நல்லா கரையும்."

அவரும் சிரித்துக்கொண்டே செருப்பு அலமாரியில் முதுகு இடிக்கும்வரை போவார்.

போன மழைக்காலத்தில் அவர் காலமானார். கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார் நண்பரின் மனைவி. நண்பர் கம்ப்யூட்டரைத் திறந்தார். படங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றிலும் மனைவியின் கண்ணிமை மயிரை எண்ணிவிடலாம்.

"அப்பா எங்கங்க?"

"இதோ, இந்த ரெண்டு வட்டம். மாமாவோட மூக்குக் கண்ணாடி." அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனால் முடியவில்லை. "ஓரத்துல ஒரு கோடு இருக்கா பாரு!"

"எனக்கு வட்டம் வேண்டாங்க. எங்கப்பா மூஞ்சி வேணும்."

துக்கம் கேட்கப் போயிருந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நண்பரின் மனைவி அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் படம் அவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் குழாய் ரிப்பேர்க்காரரிடம் இருந்தது. சமையலறையில் ஒழுகிய குழாயைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்குவதற்காகத் தன் ஓட்டைப் போனில் எடுத்து வைத்திருந்தாராம். அந்த லென்ஸுக்குக் கரைக்கத் தெரியாது. குழாய், குழாய்க்குப் பின்னால் சுவர், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, அதை ஒட்டி வாளியோடு நிற்கும் மாமனார், வாய் நிறையச் சிரிப்பு, சிரிப்பில் விழுந்துபோன பல்லின் இடைவெளி, எல்லாம் பளிச்சென்று இருந்தன. இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். முன்னால் பெரிதாகக் குழாய், பின்னால் மாமனார். வருகிறவர்கள் குழாய் எதற்கு என்று கேட்கிறார்கள். நண்பர் ஆபீசுக்குக் கிளம்பும் முன் அந்தப் படத்தின் எதிரே கொஞ்ச நேரம் நிற்கிறார்.

நீங்கள் சிரித்துக்கொள்கிறீர்கள். உங்களிடம் கேமரா கிடையாது, வெறும் போன்தான். சரி, அந்தப் போனிலும் பின்னணியைக் கரைக்க ஒரு பொத்தான் இருக்கிறதே, கடைசியாக அதை அமுக்கியபோது பின்னால் யார் நின்றார்கள்? படத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். பார்த்தால் தெரியாது.