செயலாளரின் பத்தொன்பதாம் பதிப்பு

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்ற வரிசையில் அடுத்ததாக வைத்து எண்ணப்பட வேண்டிய ஒரு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை காலை தம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நடைபெறவிருப்பதாக, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது செயலாளர் அறிவித்தார்.

"நாளைக்கு விடிஞ்சதும் பெட்டியைப் புதுப்பிக்கிறேன். 'முடிஞ்சது'ன்னு என் வாயால சொல்ற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. தொட்டா பலகை கருகிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

மனைவி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "தொடமாட்டேன் மாப்ளே" என்று உறுதிமொழி கொடுத்தார். நாற்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். உத்தரவு என்றால் அவருக்கு உத்தரவுதான்.

அவர் செயலாளர் என்பது தெருவாசிகள் சங்கத்துக்கு. பிழைப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளர். மேலாளர் வேலை மாலையில் முடிந்துவிடும், செயலாளர் வேலை முடிவதேயில்லை. கோபம் வந்தால் மனைவிகூட "செயலாளர் சார்" என்றுதான் கூப்பிடுவாள்.

பெட்டி என்பது சீட்டுக்கட்டு அளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினி. அதில் கன்டெய்னர் மென்பொருள் ஓடியது. ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி டப்பாவில் அடைத்து, ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இதைச் செயலாளர் முதல்முறை விளக்கியபோது மனைவி சமையலறை அலமாரியைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு டப்பா வாசல் மணியைப் பார்த்துக்கொண்டது. ஒரு டப்பா கூடத்து விளக்கை. மூன்றாவதுதான் முக்கியம். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும், நிரம்பியதும் 'தொட்டி நிரம்பியது' என்று செயலாளர் போனுக்குச் செய்தி அனுப்பும். தினமும் காலையில் அந்தச் செய்தி வரும் ஓசையில்தான் செயலாளர் கண் விழிப்பார். விழிக்கும்போதே முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும்.

இந்தப் பெருமிதத்தைத் தெரு முழுக்க விநியோகிக்க அவர் திட்டமிட்டிருந்தார். எல்லா வீட்டிலும் இதே பெட்டி. ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கத்தின் கமிட்டி வந்து நேரில் பார்த்து முடிவு செய்யப்போகிறது. ஒப்புக்கொண்டால், அடுத்த மாதத் தேர்தலில் தலைவர் நாற்காலி அவருக்கு. இல்லையென்றால் அதில் உட்கார்ந்திருக்கும் பல் டாக்டர் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பார். இப்படிப்பட்ட நாளில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு காட்டுவதா என்றுதான் காலையிலேயே எழுந்து கன்டெய்னர் மென்பொருளின் பத்தொன்பதாம் பதிப்பை இருபதாக்கினார்.

இருபதாம் பதிப்பு அழகாக ஏறியது. ஏறியபின், 'இந்த வகைப் பலகைகளுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது' என்று மடிக்கணினித் திரையில் ஒரு வரியை எழுதிவிட்டு அமைதியானது.

அதே சமயம் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! தண்ணி நின்னுடுச்சு!"

"ஒரு நிமிஷம்மா!"

"தலை முழுக்க ஷாம்புப்பா!"

"ஒரே நிமிஷம்!"

அந்த நிமிடம் முடிய மாலையாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏங்க, பின்கட்டுல பழைய சுவிட்ச் இருக்கே? அதைப் போட்டா மோட்டார் ஓடாதா?" என்றாள் மனைவி.

"ராத்திரி என்ன சொன்னேன்?"

"ஒரு சுவிட்சைப் போட்டா என்ன..."

"வேலை நடக்கறப்போ தொட்டா பலகை கருகிடும்! அதுவும் இல்லாம, கையால மோட்டார் போடற வீட்டுக்கா கமிட்டி ஆட்டோமேஷன் பாக்க வரணும்?"

மனைவி தன் அப்பாவைப் பார்த்தாள். மாமனார் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, "வேண்டாம்மா, மாப்ளே இன்னும் முடிஞ்சதுன்னு சொல்லலை" என்றார்.

செயலாளர் மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இந்தப் பெட்டியை வாங்கச் சொன்னதே அவன்தான். அதன்பிறகு அவன் இந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

"சிம்பிள் அத்தான். பழைய வெர்ஷனைப் போட்டுடுங்க."

"அதான் எப்படி?"

"இன்ஸ்டால்னு குடுங்க, அவ்ளோதான்."

கொடுத்தார். பெட்டி மிகுந்த பணிவோடு இருபதாம் பதிப்பையே மறுபடி நிறுவியது. இன்னொரு முறை கொடுத்தார். 'ஏற்கெனவே புதியதாகத்தான் இருக்கிறது' என்று பாராட்டியது.

"அத்தான், எந்த வெர்ஷன்னு நம்பர் குடுத்தீங்களா?"

"நீ சொல்லலையே!"

"அது தெரியும்னு நெனச்சேன். எழுதிக்கோங்க. அஞ்சு, கோலன், பத்தொன்பது, புள்ளி, பூஜ்யம், புள்ளி, பதிமூணு, அப்புறம் அலை மாதிரி ஒரு குறி..."

"அலையா?"

"பாம்பு நெளியற மாதிரி இருக்கும். கீபோர்டுல இடது பக்கம் மேல பாருங்க."

கூட்ஸ் வண்டி போல நீண்டுகொண்டே போன அந்த எண்ணைச் செயலாளர் மூக்கு திரையில் இடிக்க அடித்து முடித்தார். 'அப்படி ஒரு பதிப்பு இல்லை' என்றது பெட்டி. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. புள்ளியை வைத்தார். 'புதியது ஏற்கெனவே இருக்கும்போது பழையதைப் போட முடியாது' என்றது.

"அப்போ புதுசை முதல்ல எடுத்துடுங்க அத்தான். எடுக்கறப்போ..."

லைன் அறுந்தது. மச்சான் லிஃப்டில் போய்க்கொண்டிருந்தானாம்.

எடுப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. சாதாரணமாக எடுப்பது ஒன்று. வேரோடு, மண்ணோடு, அங்கே எதுவும் இருந்த சுவடே இல்லாமல் எடுப்பது இன்னொன்று. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது செயலாளருக்குப் பிடிக்காது.

கூடத்து விளக்கு அணைந்தது.

"என்னங்க ஆச்சு?" மனைவியின் குரல் இருட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது செயலாளரின் கேடயங்கள் வைக்கும் கண்ணாடி அலமாரி.

"ஒண்ணுமில்ல. டப்பாவெல்லாம் தற்காலிகமா வெளியே போயிருக்கு."

"எங்க போயிருக்கு?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை.

மச்சான் திரும்பக் கூப்பிட்டான். "சொல்ல வந்தேன் அத்தான், எடுக்கறப்போ வேரோட மட்டும் எடுத்துடாதீங்க, டப்பா எல்லாம் போயிடும்."

செயலாளர் இருண்ட கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்தான்? லைன்ல இருக்கீங்களா? பேக்கப் இருக்கில்ல?"

"இருக்கு. வாரா வாரம் எடுக்கறேன்."

"சூப்பர். எங்க இருக்கு?"

"பெட்டியிலதான்."

"எந்தப் பெட்டியில?"

"இந்தப் பெட்டியிலதான்."

"அப்போ அதுவும் டப்பாவோட போயிடுச்சு அத்தான். முதல்ல பழைய வெர்ஷனை ஏத்துவோம்" என்றான் மச்சான்.

தலையில் துண்டோடு மகள் எட்டிப் பார்த்தாள். ஷாம்பு காய்ந்து, துண்டு அட்டை போல நின்றது. "அப்பா, பக்கத்து வீட்டுல ஒரு வாளி தண்ணி கேக்கட்டுமா?"

"கேட்டே, அவ்ளோதான்! பக்கத்து வீட்டுக்காரர் கமிட்டி மெம்பர். சாயங்காலம் தானா ரொம்பற தொட்டியைப் பாக்க வராரு!"

"தலை அரிக்குதுப்பா."

"பொறுத்துக்கோ. அப்பா தலைவர் ஆனதும் ஷவரே மாத்தித் தரேன்."

மதியத்துக்கு மேல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பத்தொன்பதாம் பதிப்பு ஏறிவிட்டது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னான் மச்சான். போட்டுவிட்டு, அரை டம்ளர் காபிக்குத்தான் தண்ணீர் இருந்தது என்பதால் அதைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் இருபது என்று இருந்தது.

"யாரு தொட்டது?" என்று கத்தினார்.

"நான் இல்ல மாப்ளே" என்று மாமனார் இருட்டில் இரு கைகளையும் உயர்த்தினார்.

"யாரும் தொடலை அத்தான்" என்றான் மச்சான் போனில். "புதுசு வந்தா தானா ஏத்திக்கோன்னு நீங்கதான் போன மாசம் செட் பண்ணீங்க. என்கிட்டகூட பெருமையா சொன்னீங்களே."

"அப்போ நான் பழசைப் போடப் போட அது புதுசாக்கிட்டே இருக்குமா?"

"ஆமா. ரொம்ப நல்ல வசதி."

"இதை நிறுத்த வழி இல்லையா?"

"இருக்கு. பழசைப் போட்டுட்டு, அது அசையாம இருக்க ஒரு பூட்டு போடணும். அதுக்குத் தனி கமாண்டு இருக்கு. காலையிலேயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மனைவி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "செயலாளர் சார், பாத்திரம் மலை மாதிரி கெடக்கு. வரவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கணுமா, இல்ல அதுக்கும் பழைய வெர்ஷன் இருக்கா?"

அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். எடுத்தார், போட்டார், பூட்டினார். அணைத்துப் போட்டார். காத்திருந்தார். பெட்டியின் பச்சை விளக்கு கண்ணடித்தது. திரையில் பத்தொன்பது என்று வந்தது. மறுபடி அணைத்துப் போட்டார். பத்தொன்பதுதான்.

"முடிஞ்சது!" என்று வீடு அதிரக் கத்தினார்.

மாமனார் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, பின்பக்கம் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நாளெல்லாம் அசையாமல் இருந்த மனிதர், போகத்தானே வேண்டும்.

செயலாளருக்கு மகிழ்ச்சி ஒரு கணம்தான் நீடித்தது. பத்தொன்பதாம் பதிப்பு நன்றாக ஓடியது. ஆனால் அதனுள் ஓடுவதற்கு எதுவும் இல்லை. டப்பாக்கள் எத்தனை என்று கேட்டார். பூஜ்யம் என்றது. காலி அலமாரியை வெகு நேர்த்தியாக மாட்டி முடித்திருந்தார்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். கமிட்டி வெகுநேரமாக மணியை அழுத்திக்கொண்டிருந்ததாம்.

"மணி வேலை செய்யலையா?" என்று கேட்டுக்கொண்டே பல் டாக்டர் உள்ளே நுழைந்தார். பின்னால் மூன்று பேர்.

"அமைதி முறையில வெச்சிருக்கேன் டாக்டர்."

"இருட்டா இருக்கே?"

"மின்சாரச் சிக்கனம். பெட்டியே முடிவு பண்ணும்."

டாக்டர் இருட்டில் ஒரு ஸ்டூலில் இடித்துக்கொண்டு, மாமனாரின் மடியில் உட்காரப் போய், மன்னிப்புக் கேட்டு, வேறு நாற்காலியைக் கண்டுபிடித்தார். தலையில் துண்டோடு மகள் குறுக்கே போனதைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

"சிகிச்சை" என்றார் செயலாளர்.

"சரி, தானா ரொம்பற தொட்டி எங்க? அதைக் காட்டுங்க, நாங்க கிளம்பறோம்."

செயலாளர் எழுந்து நின்றார். மடிக்கணினியின் வெளிச்சம் தாடையில் பட்டு, அவர் முகம் மிதப்பது போல இருந்தது. என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அவர் வழக்கமாகத் தொடங்கும் சொற்களோடு தொடங்கினார்.

"பெரியோர்களே..."

அப்போது மேலே சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. காலித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

செயலாளர் திரும்பித் திரையைப் பார்த்தார். டப்பாக்கள், பூஜ்யம். காதைத் தீட்டிக்கொண்டார். மோட்டார் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் ஒரு புரோகிராம்கூட இல்லை என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அட! யாரும் எதுவும் பண்ணலையே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நானே பண்ணலை" என்றார் செயலாளர். அன்று அவர் சொன்ன முதல் உண்மை அது.

"எப்படிங்க இது?" டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குழப்பத்தைச் சிந்தனை போலக் காட்டுவதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. "பழைய பதிப்போட மகிமை டாக்டர். எல்லாரும் புதுசு புதுசுன்னு ஓடறாங்க. நான் காலையிலேர்ந்து உக்காந்து பழசைத் தேடிப் போட்டேன். இது புரோகிராமை நம்பி இல்லை. வீட்டோட தேவையை அதுவே உணரும். மனுஷக் கையே படக்கூடாது, அதான் தத்துவம்."

குளியலறையில் மகளின் ஆனந்தக் கூச்சல் கேட்டது. சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. கமிட்டி கை தட்டியது. எல்லா வீட்டுக்கும் பெட்டி வைக்கலாம் என்று டாக்டரே முன்மொழிந்தார். அதோடு நிற்காமல், "இதையெல்லாம் நடத்த உங்களை மாதிரி ஒருத்தர்தான் தலைவரா வரணும்" என்றும் சொல்லிவிட்டார். செயலாளர் இருட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சு நீண்டது. செயலாளர் மூன்றாவது முறை தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் வழிந்து வாசல்படியில் அருவி போலக் கொட்டத் தொடங்கியது.

"ஐயோ, என் செருப்பு!" என்று ஒரு மெம்பர் எழுந்தார்.

"நிறுத்தறதும் அதுவேதானே?" என்றார் டாக்டர்.

"அதுவேதான்" என்றார் செயலாளர், திரையை வெறித்துப் பார்த்தபடி. "கொஞ்சம் யோசிக்குது."

இருட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க பேசிட்டு இருங்க மாப்ளே, நான் போய் சுவிட்சை அணைச்சுட்டு வரேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து காலையில மோட்டாரைப் போடறதும் நிறுத்தறதும் நான்தானே."